டைட்டானிக்கில் இறந்த ‘ஆமிஷ் பெண்’: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டைட்டானிக் கப்பல் மூழ்கிய நாளையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கப்பலின் நீளம், கொதிகலன்கள், முதல் வகுப்புப் பயணிகளின் செல்வம் என எல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டிருந்த அந்தக் கட்டுரையின் ஓரத்தில், ‘இந்தியாவில் மதப்பணி செய்துவிட்டுத் திரும்பிய ஆமிஷ் பெண் ஒருவர், படகில் தமக்குக் கிடைத்த இடத்தை ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்து உயிர்நீத்தார்’ என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. பெயர்கூடக் குறிப்பிடப்படவில்லை. பெண்கள் பள்ளியொன்றில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை. அதில் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்று சொல்ல முடியாத ஆனால் பிழையைவிடப் பெரியதொரு குறையும் இருக்கிறது.

அவருடைய பெயர் ஆனி கிளெம்மர் ஃபங்க். அவர் ஆமிஷ் அல்லர். மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பது பரவலான பழக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது உண்மை. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் அறிந்து விசுவாசிப்பவரே அதைப் பெற வேண்டும் என்று சொல்லிச் சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து கிளைத்த கூட்டத்தாருக்கு, ஃபிரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536இல் அந்தப் பதவியை விட்டு வெளியேறிய மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயர் நிலைத்தது. ஆமிஷ் மக்கள் அவர்களிடமிருந்து 1693இல் யாகோப் அம்மான் தலைமையில் பிரிந்துபோனவர்கள். சபைக் கட்டுப்பாட்டை மீறியவரை எவ்வளவு தூரம் விலக்கி வைப்பது என்பதே அந்தப் பிரிவின் மையச் சண்டை. ஆமிஷ் என்றதும் நினைவுக்கு வரும் குதிரை வண்டியும் மின்சாரமில்லாத வீடும் பிற்காலத்துச் சங்கதிகள். மெனோனைட்டுகளிலும் குதிரை வண்டியைக் கைவிடாத பிரிவினர் சிலர் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் குழப்பம் கூடுகிறதே தவிர, ஆனி ஃபங்கின் சபை அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அது எந்த வகை என்று சொல்வதற்கு ஒரு மேலங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1840களில் பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஜான் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம் மெனோனைட் போதகர், போதகர்களுக்கென்று வழக்கத்திலிருந்த கழுத்துப்பட்டி இல்லாத எளிய மேலங்கியை அணிய மறுத்தார். சபைக் கூட்டங்களின் தீர்மானங்களை எழுதிவைக்க வேண்டும், சபைக்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும் என்றும் கேட்டார். மூத்தவர்கள் ஒப்பவில்லை. 1847இல் சபை இரண்டாகப் பிரிந்தது. ஊருக்கு ஊர், ஒரே குடும்பப் பெயர்களைக் கொண்டவர்கள் ‘பழைய’ கூடம், ‘புதிய’ கூடம் என்று பிரிந்து அமர்ந்தார்கள். பெர்க்ஸ் மாவட்டத்தில் பேலி என்ற சிற்றூரில் இருந்த ஹியர்ஃபோர்டு சபையும் அப்படித்தான் பிரிந்தது. புதிய கூடத்தார் கல்வியையும் வெளியூர்ப் பணியையும் ஆதரித்த பொது மாநாட்டு மெனோனைட்டுகளோடு பின்னர் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் புதிய ஹியர்ஃபோர்டு கூடத்தில்தான் ஆனியின் குடும்பம் வழிபட்டது. சபை பிரியாமல் இருந்திருந்தால் அந்த வீட்டுப் பெண் ஆசிரியப் பயிற்சிக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டிருப்பாரா என்பது சந்தேகமே. (பேலி என்ற பெயரே ஒரு கத்தோலிக்க இயேசு சபைக் குருவின் பெயர். மூதாதையரைக் கத்தோலிக்க ஆட்சியாளர்கள் எரித்ததை மறக்காத ஒரு கூட்டத்தார், கத்தோலிக்கக் குருவின் பெயர் தாங்கிய ஊரில் அண்டை அயலாரோடு இணக்கமாக வாழ்ந்தார்கள் என்பதை நான் ரசித்துப் படித்தேன்.)

ஆனி 1874 ஏப்ரல் 12ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஃபங்க் சபையில் உதவிக்காரராக இருந்தவர். மெனோனைட் சபையில் உதவிக்காரர் என்பவர் காணிக்கையைப் பெற்று, ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் சேர்ப்பவர். சபையார் இருவருக்குள் மனத்தாங்கல் வந்தால் நடுவில் நின்று பேசுபவர். தாயார் சூசன்னா, கிளெம்மர் குடும்பத்தில் பிறந்தவர். ஆனியின் நடுப்பெயர் தாய்வீட்டுப் பெயர். அந்த வட்டாரத்து மெனோனைட் குடும்பங்களில் பிள்ளைகளின் பெயருக்கு நடுவே தாயின் குலப்பெயரை வைக்கும் வழக்கம் உண்டு.

இப்படிப்பட்ட வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்ட புத்தகம் ஒன்றிருந்தது. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் வரலாறுகளையும் கடிதங்களையும் திலேமான் வான் பிராக்ட் என்பவர் தொகுத்து 1660இல் டச்சு மொழியில் வெளியிட்ட ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ அது. அதில் வரும் மைக்கென் வென்ஸ் என்ற பெண்ணை நான் குறிப்பிட்டாக வேண்டும். ஆன்ட்வெர்ப் நகரத்துக் கொத்தனார் ஒருவரின் மனைவி. 1573 அக்டோபரில் அவரை எரித்தபோது, கூடியிருந்த மக்களிடம் அவர் எதுவும் பேசிவிடக் கூடாதென்று நாக்கைத் திருகாணியால் இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். பதினைந்து வயது மூத்த மகன் ஆத்ரியான், மூன்று வயதுத் தம்பியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு பலகையின் மேல் ஏறி நின்றான். தாயைக் கம்பத்தருகே கொண்டுவந்தபோது மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்த பிறகு சாம்பலைக் கிளறி, தாயின் நாக்கைப் பூட்டியிருந்த திருகாணியைத் தேடி எடுத்து, நினைவுக்காக வைத்துக்கொண்டான்.

பென்சில்வேனியாவின் மெனோனைட்டுகள் இந்தப் பெருநூலை ஜெர்மன் மொழியில் அச்சிடச் செய்தது 1748–49இல். போர்ச்சூழல் நெருங்குகிறது, ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற உறுதியில் தங்கள் பிள்ளைகள் தளர்ந்துவிடக் கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம். எப்ராட்டா என்ற இடத்திலிருந்த துறவிகளின் அச்சகத்தில் உருவான அது, குடியேற்றக் கால அமெரிக்காவில் அச்சான மிகப் பெரிய நூல். விற்காமல் மிஞ்சிய தாள்களை அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது படையினர் பறித்துச் சென்று துப்பாக்கித் தோட்டாக்களுக்குச் சுற்றும் காகிதமாகப் பயன்படுத்தினார்கள். கொல்லாமைக்காக அச்சிடப்பட்ட நூலுக்கு நேர்ந்த கதி இது. இந்த நூலை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆனியைப் பற்றிய உங்கள் ஒற்றை வாக்கியம் பிறந்த மண் இதுதான். அதைப் பிறகு விளக்குகிறேன்.

ஆனி, பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியில் படித்தார். டென்னசி மாநிலத்துச் சட்டநூகாவில் கறுப்பின மக்களிடையிலும், நியூஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் என்னும் ஆலை நகரில் இளம்பெண்களிடையிலும் பணியாற்றினார். ஜெர்மானியக் கிளைமொழி பேசும் விவசாயக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இவை சிறிய தூரங்கள் அல்ல. அவர் பிறந்த அதே 1874இல், அதே வட்டாரத்தில் கிரீன் லேன் என்ற ஊரில் பிறந்த ஆன் ஆலிபாக் என்ற மெனோனைட் பெண் 1911இல் ஃபிலடெல்பியாவில் குருத்துவம் பெற்றார். வட அமெரிக்க மெனோனைட் சபைகளில் அப்படிப் பெற்ற முதல் பெண் அவர். அவருக்குப் பிறகு இன்னொரு பெண்ணுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. ஆகவே பக்தியுள்ள மெனோனைட் பெண் என்றதும் தலையில் முக்காடும் வாயில் மௌனமும் மட்டுமே நினைவுக்கு வருமானால், அந்த நினைப்பைச் சற்றுத் தள்ளிவைப்பது நல்லது.

இந்தியாவுக்கும் மெனோனைட்டுகளுக்கும் உறவு ஏற்பட்டது பஞ்சத்தால். 1896–97இலும் 1899–1900இலும் நடு இந்தியாவில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது, அமெரிக்க மெனோனைட் விவசாயிகள் தானியமும் பணமும் சேர்த்தார்கள். 1900இல் அமெரிக்காவிலிருந்து தானியக் கப்பல் ஒன்று புறப்பட்டபோது, கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் கோர்ஸ் என்ற மெனோனைட் தலைவர் உடன் வந்தார். ரஷ்யப் பேரரசின் தெற்குப் புல்வெளிகளிலிருந்து, கட்டாயப் படைச் சேவையை ஏற்க மனமின்றி, 1870களில் வெளியேறி அமெரிக்காவுக்கு வந்த சமூகத்தினர் அந்தக் கன்சாஸ் மெனோனைட்டுகள். நிலத்தை விட்டு இடம்பெயர்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து பொது மாநாட்டுச் சபையின் இரண்டு தம்பதியர் வந்து, இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தின் சாம்பாவிலும் ஜாஞ்ச்கீரிலும் பணியைத் தொடங்கினார்கள். 1902இல் சாம்பாவில் தொழுநோயாளருக்கான இல்லம் உருவாயிற்று. 1906இன் இறுதியில், முப்பத்திரண்டு வயதில், ஆனி ஃபங்க் ஜாஞ்ச்கீருக்கு வந்தார். அந்தச் சபை இந்தியாவுக்கு அனுப்பிய, திருமணமாகாத முதல் பெண் பணியாளர் அவர். புறப்படும் முன், நீண்ட கடற்பயணத்தைப் பற்றி அஞ்சிய நண்பர்களிடம், பரமபிதா நிலத்தில் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவு அருகில்தான் கடலிலும் இருக்கிறார் என்று அவர் சொன்னதாகச் சபையார் நினைவுகூர்கிறார்கள்.

அவர் இந்தி கற்றார். ஒற்றை அறை கொண்ட கட்டடத்தில் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 17 பேர்.

இந்த எண்ணில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் நடந்து, திண்ணையில் உட்கார்ந்து, தகப்பனிடமும் பாட்டியிடமும் பேசி ஒரு பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது எவ்வளவு பாடு என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் சட்டமும் சத்துணவும் இலவசச் சீருடையும் எங்களோடு நடந்தன. அப்படியிருந்தும் அறுவடைக் காலத்தில் வகுப்பு பாதியாகிவிடும். 1900களின் தொடக்கத்தில், பஞ்சத்தின் வடு ஆறாத ஒரு சிற்றூரில், மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்ட ஓர் அந்நியப் பெண் 17 சிறுமிகளை ஓர் அறையில் உட்காரவைத்தார் என்றால், அது எத்தனை வாசற்படிகளின் கணக்கு என்று எண்ணிப் பார்க்கிறேன். மதம் மாற்றுவதும் அந்தப் பணியின் நோக்கங்களில் ஒன்று என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதுபற்றி வாசகர்களுக்குப் பலவித எண்ணங்கள் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் எழுதப்படிக்கக் கற்ற சிறுமி ஒருத்தி அந்த எழுத்தைக் கொண்டு பிற்பாடு என்ன செய்தாள் என்பது அவளுடைய சொத்து. ஐந்து ஆண்டுகளுக்கும் சற்று மேலாக ஆனி அங்கே இருந்தார்.

1912இன் தொடக்கத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. தாயார் கடும் நோயுற்றிருக்கிறார், உடனே புறப்பட்டு வரவும், ‘ஹாவர்ஃபோர்டு’ கப்பலில் இடம் வாங்கியாயிற்று என்பது செய்தி. அந்தக் கப்பல் லிவர்பூலுக்கும் ஃபிலடெல்பியாவுக்கும் இடையே சென்றுவந்தது. ஃபிலடெல்பியாவில் இறங்கினால் பேலிக்குத் தூரம் அதிகமில்லை. ஆனி பம்பாய்க்கு வந்து கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தபோது, பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு நடத்திய நாடு தழுவிய வேலைநிறுத்தம் கப்பல்களை முடக்கியிருந்தது. இருந்த நிலக்கரியைப் பெரிய கப்பல்களுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாவர்ஃபோர்டு புறப்படுவது தள்ளிப்போயிற்று. காத்திருக்க நேரமில்லாத மகள் கூடுதலாகப் பணம் கட்டிச் சீட்டை மாற்றிக்கொண்டார்: டைட்டானிக், இரண்டாம் வகுப்பு, 13 பவுண்டு. ஏப்ரல் 10ஆம் நாள் சவுத்தாம்டனில் ஏறினார். 12ஆம் நாள் கடல் நடுவில் அவருக்கு முப்பத்தெட்டு வயது நிறைந்தது.

அதே இரண்டாம் வகுப்பில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலிருந்து ஒரு லூத்தரன் மிஷனரி குடும்பமும் வந்துகொண்டிருந்தது; நோயுற்ற சிறுமகனுக்குச் சிகிச்சை தேடி, தாய் நெல்லி பெக்கர் மூன்று குழந்தைகளோடு அமெரிக்கா செல்ல, கணவர் இந்தியாவிலேயே இருந்துவிட்டார். நால்வரும் பிழைத்தார்கள். குண்டூரில் பிறந்த மூத்த மகள் ரூத் 1990 வரை வாழ்ந்து, அந்த இரவைப் பற்றிப் பலமுறை பேசினார். இந்தியாவிலிருந்து வந்த இன்னொரு பெண்மணி பேசுவதற்கு இல்லை.

14ஆம் நாள் இரவு 11.40க்குக் கப்பல் பனிமலையில் மோதியது. 15ஆம் நாள் அதிகாலை 2.20க்கு மூழ்கியது. பிரிட்டிஷ் விசாரணையின் கணக்குப்படி இரண்டாம் வகுப்பில் இருந்த 93 பெண்களில் 80 பேர் பிழைத்தார்கள். இறந்த 13 பேரில் ஆனி ஒருவர். மூன்றாம் வகுப்பில் 165 பெண்களில் பிழைத்தவர்கள் 76 பேரே என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் படகில் இடம் கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்த நிலையில் ஆனி ஏன் இறந்தார் என்ற கேள்வி அவருடைய சபையாரைத் துளைத்திருக்க வேண்டும். குழந்தைகளோடு வந்த ஒரு தாய்க்குத் தம் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார் என்ற கதை அந்த இடத்தில்தான் வந்து அமர்கிறது.

அது நடந்திருக்கலாம். அவரைப் பற்றித் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் அப்படிச் செய்யக்கூடியவர்தாம். ஆனால் அதைக் கேட்கும்போது, இரத்தசாட்சிகளின் கண்ணாடியைப் புரட்டி வளர்ந்தவர்களின் குரலும் அதில் கேட்கிறது. 1569இல் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரின் மேல் ஓடியபோது, துரத்தி வந்த காவலன் பனி உடைந்து மூழ்க, திரும்பிச் சென்று அவனைக் கரையேற்றினார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். மெனோனைட் வீடுகளில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லப்படும் கதைகளில் அதுவும் ஒன்று. குளிர்ந்த நீர், இன்னொருவரின் உயிர், திரும்பி நின்ற கால்கள் ஆகிய மூன்றும் அங்கே உண்டு; அட்லாண்டிக்கில் இறந்த தங்கள் பெண்ணை அவர்கள் அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில் வியப்பில்லை. துயருற்றவர்கள் தங்களிடம் இருக்கும் மொழியில்தான் அழ முடியும். அதை நான் குறை சொல்லவில்லை.

நான் குறை சொல்வது நம்மைத்தான். சபையாருக்கு அந்தக் கதை அவர்களுடைய நானூறு ஆண்டு நினைவின் தொடர்ச்சி. நம் பத்திரிகைகளுக்கு அது பக்க ஓரத்து ‘சுவாரசியமான தகவல்’. கடைசி இரண்டரை மணி நேரத்தில் நடந்திருக்கக்கூடிய ஒன்று, சந்தேகமின்றி நடந்த ஐந்தாண்டு வேலையை விழுங்கிவிட்டது. உதவிக்காரரின் மகள், தாயின் நோய் கேட்டுப் பதறிப் புறப்பட்டவர், சட்டநூகாவிலும் பேட்டர்சனிலும் உழைத்தவர், 17 சிறுமிகளின் ஆசிரியை என்ற எல்லாம் போய், ‘ஆமிஷ் பெண் ஒருவர்’ மிஞ்சுகிறார். அதுவும் தவறாக. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்பதைப் பாடமாகக் கேட்டு வளர்ந்த குடும்பம் அது. படகு விஷயத்தில் இந்த விளம்பரத்தை ஆனியே விரும்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பள்ளியைப் பற்றிச் சொன்னால் மறுத்திருக்க மாட்டார் என்றும் நினைக்கிறேன்.

ஜாஞ்ச்கீர்ப் பள்ளிக்கு அவருடைய மறைவுக்குப் பின் அவர் பெயரே சூட்டப்பட்டது. பேலியில், ஹியர்ஃபோர்டு சபையின் கல்லறைத் தோட்டத்தில், உடல் இல்லாமலே அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அவருடைய உடல் அடையாளம் காணப்படவே இல்லை. உலகில் இன்று ஏறத்தாழ இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மெனோனைட் மரபுச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள். சத்தீஸ்கரிலும் தெலங்கானாவிலும் வேரூன்றிய சபைகள் உண்டு. 1997இல் அவர்களின் உலக மாநாடு கொல்கத்தாவில் நடந்தது. எனவே மெனோனைட்டுகளை ஏதோ தொலைதூரத்து வினோத மக்களாக நம் பக்கங்களில் காட்டுவதும் பொருந்தாது.

தங்கள் நாளிதழில் ‘திருத்தம்’ என்ற பகுதி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதில் இடம் மிகக் குறைவு என்பதும் தெரியும். ‘ஆமிஷ் பெண்’ என்பதை நீக்கிவிட்டு, ‘ஆனி கிளெம்மர் ஃபங்க், மெனோனைட் சபையைச் சேர்ந்தவர், ஜாஞ்ச்கீர் பெண்கள் பள்ளியின் ஆசிரியை’ என்று வெளியிட்டால் போதும். அடுத்த ஆண்டு அவரைப் பற்றித் தனியாக எழுத எண்ணம் இருந்தால், ஏப்ரல் 15ஆம் நாளுக்குப் பதிலாக 12ஆம் நாள் வெளியிட வேண்டுகிறேன். அது அவர் பிறந்தநாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்